அந்த ஒரு மணிநேரம் யாரும் ஜெபிக்கவில்லை

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளி வைத்தோம். எங்கள் ஊர் என்று நான் இங்கே சொல்வது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சின்ன நகரம். நம் நாட்டின் தென்கோடிப் புதுக்கடையில் பிறந்தவனுக்கு ஊர் என்றால் புதுக்கடைதான். ஆனாலும் ஆறு வருஷம் சோறு போட்ட இடத்தையும் அவ்வப்போது ஊர் என்று சொல்லிவைப்பது மரியாதை.

அங்கே நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கடிகார விவகாரத்தை விளக்குவது கஷ்டம். மார்ச் கடைசியில் ஒரு மணிநேரம் முன்னால் வைக்க வேண்டும், அக்டோபர் கடைசியில் ஒரு மணிநேரம் பின்னால். அரசாங்க உத்தரவு. முதல் வருஷம் இதை ஊரிலிருக்கும் வசந்தா அக்காவிடம் போனில் சொன்னபோது, "எலே, மந்திரி சொன்னா சூரியன் கேக்குமா?" என்று கேட்டாள். சூரியன் கேட்காது, ஆனால் பஸ் கேட்கும் என்றேன்.

இங்குள்ளவர்களுக்கு அன்று ஒரு மணிநேரம் கூடுதல் தூக்கம். எனக்கு உள்ள தூக்கமும் போய்விடும். போன வருஷம் இப்படிக் கடிகாரம் மாற்றிய இரண்டாம் நாள்தான் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்தார்கள். அன்று நான் செய்த ஒரு காரியத்தைப் பத்து நாள் முன்புவரை ஒருவரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. இப்போது ஊருக்கே எழுதுகிறேன். காரணம், வருகிற வியாழக்கிழமை அவளுக்கு மறுபடியும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அதுவரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுதாவிட்டால் நகத்தைக் கடிப்பேன். நகம் தீர்ந்துவிட்டது.

2

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுக்கடை சந்திப்பில் பதினெட்டு வருஷம் மைக் செட் வாடகைக்கு விட்டவன். சபைக் கன்வென்ஷன், அம்மன் கோயில் கொடை, கடியப்பட்டணத்துத் திருவிழா, அய்யாவழிக்காரர்களின் அன்னதானம், பள்ளிவாசல் விழா என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி, ஒரே வயர். கடவுள்களுக்குள் சண்டை இருந்திருந்தால் முதலில் ஷாக் அடித்திருக்க வேண்டியது எனக்குத்தான். அடிக்கவில்லை.

ஜெபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தது. ஆண்டவர் செவிடரல்ல என்று பேச்சாளர் முழங்குவார். முழங்கிவிட்டு, சவுண்டைக் கூட்டு என்று எனக்குக் கை காட்டுவார். கூட்டுவேன். உடம்பு சொகம், வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், பரீட்சை என்று ஜெபக் குறிப்புகள் வரிசையாகப் போகும். போகப் போக, மேலே ஒரு பெரிய ஆபீஸ் இருப்பதாகவும் நாங்கள் கீழே மனு எழுதிக் கொடுக்கும் கூட்டம் என்றும் மனதில் படிந்துவிட்டது. நான் ஞானஸ்நானம் பெற்றவன், திடப்படுத்தல் எடுத்தவன், ஞாயிறு தவறாதவன். ஆனாலும் ஆண்டவரோடு எனக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான்: கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

ஸ்டெல்லா நர்ஸ். அவள் பரீட்சை எழுதித் தேறி முதலில் இங்கே வந்தாள். பிறகு நானும் மகள் அபிஷாவும் அவளுடைய சாமான்களைப்போல வந்து சேர்ந்தோம். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் துணி வெளுக்கிறேன். வெளுப்பது மெஷின், மடிப்பது நான்.

அபிஷாவுக்கு இப்போது பதினைந்து. வந்தபோது ஒன்பது. வீட்டில் சாயங்காலம் ஏழரைக்குக் குடும்ப ஜெபம் உண்டு. அதில் அவள் பங்கு முதலில் ஐந்து நிமிஷம் இருந்தது. பிறகு இரண்டு நிமிஷம். இப்போது பதினொரு விநாடி. கண்ணை மூடியபடியே நான் அளந்திருக்கிறேன், பழைய தொழில் புத்தி. ஆண்டவரை அவள் ஆங்கிலத்தில் 'காட்' என்றுதான் சொல்வாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அப்பா, நமக்கு என்ன வேணும்னு 'காட்'டுக்கு முன்னாலேயே தெரியும்லா? பின்னே எதுக்குச் சொல்லணும்?"

"மக்களே, இந்த நாட்டு இமிகிரேஷன்காரனுக்கு எனக்க பாஸ்போர்ட் நம்பர் என்னைவிட நல்லாத் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் ஃபாரத்தில எழுதச் சொல்லுகானா இல்லியா?"

"அப்போ காட் ஒரு ஆபீஸா?"

ஸ்டெல்லா முக்காட்டுக்குள் சிரித்தாள். "ஆமென்" என்று சொல்லிப் பாயைச் சுருட்டினேன்.

3

போன வருஷம் செப்டம்பரில் ஸ்டெல்லாவின் வயிற்றில் கட்டி தெரிந்தது. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், தேங்காய் நெற்று அளவுக்கு. ஆறு மணிநேர ஆபரேஷன் என்றார்கள். அவள் நர்ஸ் அல்லவா, அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பதறுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் இணையத்தில் படித்து, அதே கட்டி எனக்கும் இருப்பதாகக் கண்டுபிடித்து, டாக்டரிடம் போய் வயிற்றைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு வாயு என்றார்.

அறுவை செய்கிற மருத்துவரைப் பார்த்த நாளில் என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. நம் ஊரில் எந்த மனுவாக இருந்தாலும் கடைசி வரி ஒன்று எழுதுவோமே, 'டூ தி நீட்ஃபுல்', அதாவது ஆவன செய்யவும் என்று, அதுதான் வாயில் வந்தது. எழுந்து நின்று, கையைக் கூப்பி, அதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அதைத்தான் செய்யலாமென்று இருக்கிறேன்" என்றார்.

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன். வசந்தா அக்கா எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. நான் அழுத அழுகையில் அவள் பாதிதான் புரிந்துகொண்டாள். மீதியைத் தானே பூர்த்தி செய்து, "எலே, வெப்ராளப்படாதே. சங்கிலி ஜெபம் போட்டிரலாம்" என்றாள்.

சங்கிலி ஜெபம் தெரியாதவர்களுக்கு: ஒரு காரியத்துக்காக இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆளுக்கு ஒரு மணிநேரமாகப் பங்கு போடுவார்கள். அவரவர் வீட்டிலேயே ஜெபிக்கலாம். தன் மணிநேரம் முடிந்ததும் வாட்ஸப் குழுவில் 'ஆமென்' என்று போட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணிகூட அறக்கூடாது.

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. முந்தின வெள்ளிக்கிழமையே அக்கா பட்டியல் எழுதி அனுப்பிவிட்டாள். இந்திய நேரம் ஒன்றரையிலிருந்து ஏழரை வரை, ஆறு பேர். முதலில் அவள். நான்காவது நான்: நாலரையிலிருந்து ஐந்தரை.

பக்கத்தில் அயர்லாந்து நேரத்தை என் கையால் எழுதிக்கொண்டேன். இங்கிருந்து ஊருக்கு நாலரை மணிநேர வித்தியாசம். நாலரையில் நாலரை போனால் பன்னிரண்டு. பன்னிரண்டு முதல் ஒன்று வரை நான். சுபம்.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் மாறியது. வித்தியாசம் ஐந்தரை மணிநேரம் ஆனது. அடுப்பின்மேல் இருக்கிற கடிகாரத்தை மாற்றினேன். காரில் மாற்றினேன். பட்டியலை மாற்றவில்லை.

4

ஆபரேஷன் நாளில் உபவாசம் இருப்பதாக எல்லோரிடமும் அறிவித்திருந்தேன். அறிவிக்காமல் இருந்தால் அது எப்படி உபவாசம்? விடியுமுன்பே அபிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மணிநேரம் கார் ஓட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எட்டரைக்கு ஸ்டெல்லாவைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் போனேன். "அந்தப் பிள்ளைக்க சாப்பாட்ட ஃப்ரிட்ஜில வச்சிருக்கேன், ஓர்மையாட்டு எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள், அவள் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறாள்.

பத்தே முக்காலுக்கு எனக்குப் பசிக்கத் தொடங்கியது. பன்னிரண்டுக்கு என் முறை. வெறும் வயிற்றில் முழங்காலில் நின்று தலை சுற்றி விழுந்தால் ஆண்டவருக்கும் கேவலம், சபைக்கும் கேவலம் என்று ஒரு நியாயம் தோன்றியது. கீழே கடையில் இறைச்சி வைத்துச் சுட்ட சாசேஜ் ரோல் மூன்று வாங்கிக் கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் மழை. ரேடியோவில் ஏதோ குதிரைப் பந்தயம். ஒன்றைத் தின்றேன், ஆறுதலாக இருந்தது. இரண்டாவதையும் தின்றேன். மூன்றாவதைத் தின்னும்போது எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

பன்னிரண்டுக்கு ஆஸ்பத்திரியின் சிறு ஜெப அறையில் முழங்காலிட்டேன். என்ன ஒரு ஜெபம்! கன்வென்ஷன் பேச்சாளர்கள் பதினெட்டு வருஷமாக என் காதில் ஊற்றியதையெல்லாம் திருப்பி ஊற்றினேன். ஒரு மணிக்கு எழுந்து குழுவில் 'ஆமென்' போட்டேன்.

இரண்டு மணிக்கெல்லாம் மருத்துவர் வந்தார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது, கட்டியை எடுத்தாயிற்று என்றார். நடுவில் ஒரு கட்டத்தில் ரத்தம் கட்டுக்கு மீறிப் போனதாகவும், கொஞ்ச நேரம் தாங்களே பயந்துவிட்டதாகவும், பிறகு அடங்கிவிட்டதாகவும் சொன்னார். எத்தனை மணிக்கு என்று எதற்குக் கேட்டேனோ தெரியவில்லை. பதினொன்றரை இருக்கும் என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போனை எடுத்தேன். அக்காவின் செய்தி ஒன்று நீண்ட நேரமாகக் காத்திருந்தது. "எலே, உனக்க நேரம் தொடங்கியும் ஒரு சத்தமும் இல்ல, அஞ்சரைக்கு ஆமெனும் போடல்ல. அங்க எப்படி இருக்கு?" அடுத்தவர் எனக்காகக் காத்திராமல் தன் நேரத்தைத் தொடங்கியிருந்தார். விரலை மடக்கி எண்ணினேன். ஊரில் நாலரை என்றால் இங்கே பதினொன்று. பன்னிரண்டல்ல.

ஆறு மணிநேரச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. அந்தக் கண்ணியின் நடுவில்தான் ஸ்டெல்லாவுக்கு ரத்தம் போயிருக்கிறது. அறுத்தவன் அப்போது சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

அக்காவுக்குப் பதில் அனுப்பினேன்: "நெட் கிடைக்கல்ல அக்கா. ஜெபிச்சேன்."

5

அடுத்த ஒரு வருஷம் நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து முதியோர் இல்லத்து மேலாளருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, துணி வெளுக்கும் மெஷினுக்கு முன்னால் நின்று ஜெபித்தேன். விட்ட மணிநேரத்தைத் திரும்பப் போட்டு அடைத்துவிடலாம் என்ற எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு துணி போட்டதில் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று வெள்ளைப் படுக்கை விரிப்புகளோடு கலந்து, அந்த வாரம் முழுக்க எங்கள் பெரியவர்கள் ரோஸ் நிறத்தில் படுத்துத் தூங்கினார்கள். ஒரு பாட்டியம்மா மட்டும் எனக்கு நன்றி சொன்னார்.

ஸ்டெல்லா தேறிவந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் நான் ஆண்டவரிடம் பேரம் பேசுவேன். ஒவ்வொன்றும் நல்லபடி வந்ததும் அடுத்த ஸ்கேன்வரை அவர் முகத்தில் விழிக்கமாட்டேன். ஆபீஸில் காரியம் முடிந்தவன் திரும்பிப் பார்ப்பானா?

இந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷாகுல் குளச்சல்காரன், எனக்கு வயதொத்தவன். ஒரு நாள் வாய் அரித்து அவனிடம் கொஞ்சம் கொட்டப் பார்த்தேன். சாசேஜ் ரோலை மறைத்து, யாரோ ஒருவர் ஜெபிக்க வேண்டிய நேரத்தை விட்டுவிட்டார் என்றுமட்டும் சொன்னேன்.

"யாரோ இல்ல மக்கா, நீதான்" என்றான் உடனே. "முகத்தப் பாத்தா தெரியாதா? ஒரு நாளைக்கு எங்களுக்கு அஞ்சு நேரம். உனக்கு வருஷத்தில ஒரு மணிக்கூர். அதையும் விட்டியா?"

"சிரிக்காதல. சரி, நீ தொழ நிக்கும்போ என்னதான் கேப்பே?"

"கேக்கதுக்கா நிக்கேன்?" உறைந்த நெத்திலிப் பொட்டலத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தபடி சொன்னான். "பாதி நாளும் கடைக் கணக்குதான் மனசில ஓடும். ஆனாலும் போய் நிப்பேன். நிக்காம இருந்தா ஆரையோ விட்டுட்டு வந்ததுபோல ஒரு இது. நீ அந்த மத்தி மீனையும் எடுத்துக்க, இன்னைக்குத்தான் வந்துது."

மத்தியையும் எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னதை எடுத்துக்கொண்டேனா என்று அப்போது தெரியவில்லை.

6

பத்து நாளைக்கு முன் அக்கா கூப்பிட்டாள். குரலில் ஒரு உற்சாகம்.

"எலே, வருஷம் ஒண்ணாச்சு. வாற ஞாயிற்றுக்கிழம சாயங்காலக் கூட்டத்தில நீ சாட்சி சொல்லணும். வீடியோவில வந்தாப் போதும். சங்கிலி அறாம ஜெபிச்சோம், ஸ்டெல்லா பிழைச்சாள்னு சொல்லு. சபைக்கு வலிய எழுப்புதலா இருக்கும்."

சாட்சி என்பது எங்கள் சபையில் லேசான காரியமல்ல. முன்னால் நின்று, ஆண்டவர் எனக்கு இன்னது செய்தார் என்று சொல்ல வேண்டும். அதில் பொய் சொன்னால் வாய் கோணிவிடும் என்று சின்ன வயதில் நம்பியவன் நான். இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன்.

"அக்கா," என்றேன். "சங்கிலி அறுந்துது."

"என்னது?"

சொன்னேன். கடிகாரம், பட்டியல், கார், குதிரை, ரோல் மூன்று, நெட் கிடைக்கவில்லை என்ற பொய், எல்லாவற்றையும்.

"எலே," என்றாள் குரலைத் தாழ்த்தி. "நான் ஒண்ணு சொன்னா ஆர்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"ஒண்ணரைக்கு எனக்க முறை இல்லியா? சோறு தின்னிட்டு முழங்காலில நின்னேன். எப்ப சாஞ்சேன்னு தெரியாது. முழிச்சப்ப ரெண்டு இருபத்தெட்டு. ஓடிப்போயி ஆமென் போட்டேன்."

"அக்கா!"

"கத்தாதல. நான் மட்டுமா? ரெண்டாவது ராஜமணி சாரு. அவியரு அந்த நேரத்தில பென்ஷன் காரியமா பேங்கில நிக்கத கண்டதா அவியருக்க மருமகளே சொன்னா. அஞ்சாவது லைலா, கரண்டு போனதால ஜெபிக்க முடியல்லன்னு பொறவு சொல்லி அழுதா."

"கரண்டு போனா ஜெபம் எப்படி நிக்கும்?"

"அவ ஜெபத்த ஃபோனில பாத்துல்லா வாசிப்பா. ஆமென் போடதுக்கு மட்டும்தான் சார்ஜ் இருந்துது."

"ஆனா எல்லாரும் ஆமென் போட்டிருக்காங்களே!"

"ஆமென் போடல்லேன்னா அடுத்த ஆளு தொடங்க மாட்டாங்கல்லா?" என்றாள் அக்கா, கோபத்தோடு.

ஆறு கண்ணியில் நான்கு இல்லை. மீதி இரண்டுபேரை விசாரிக்க எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை. நான் சிரிக்கத் தொடங்கினேன். அக்காவும் சிரித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது போலிருந்தது.

போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அப்படியானால் ஸ்டெல்லா எங்கள் ஜெபத்தால் பிழைக்கவில்லை. எங்கள் ஜெபம் அங்கே இல்லவே இல்லை. அது இல்லாமலேயே அவர் பார்த்துக்கொண்டார் என்றால், நாங்கள் எதற்கு? மனு போடாமலே காரியம் நடந்துவிடுகிற ஆபீஸில் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவனுக்கு என்ன வேலை? அபிஷா கேட்ட அதே கேள்விதான். இந்த முறை கேட்டவன் நான்.

7

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வருஷாந்திர ஸ்கேனில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் தெரிகிறதாம். வியாழக்கிழமை வர வேண்டுமாம். கடிதத்தின் பாதிப் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றி. நிழலைப் பற்றி ஒரு வரி.

ஸ்டெல்லா நின்றபடியே படித்தாள். மடித்துப் பழையபடி உறைக்குள் போட்டாள். பிறகு கீரையை அரியத் தொடங்கினாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்கும்போது கத்தி நின்றது.

"எத்தன ரோலு?"

"மூணு."

"மூணா? அதுவும் உபவாசத்தில?" வயிற்றுத் தழும்பைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. அடுப்புக்குப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க விட்ட அந்த நேரத்துக்காகத்தான் இப்ப திரும்பி வந்திருக்குன்னு நெனைக்கியளா?"

"ஆமா" என்றேன். அவளிடம் பொய் சொல்லத் தெம்பில்லை.

"அபிக்க அப்பா, இங்க பாருங்க. மூணு சாசேஜ் ரோலுக்காக எனக்க வயித்தில திரும்பக் கட்டி வைக்கிறவர்னா, அவர்கிட்ட எனக்கு ஒரு பேச்சும் வேண்டாம். நான் பேசுறது வேற ஆளுகிட்ட."

"என்ன பேசுவே?"

"மயக்க ஊசி போடுறதுக்கு முன்னால அன்னைக்கு ஒண்ணும் கேக்கல்ல. பத்திலிருந்து பின்னால எண்ணச் சொன்னாங்க. கூட யாரோ எண்ணுற மாதிரி இருந்துது. ஏழு வரைக்கும்தான் ஓர்ம இருக்கு." கீரையைச் சட்டியில் போட்டாள். "எனக்குச் சாக இஷ்டமில்ல. அதையும் சொல்லியாச்சு. அவர் என்ன செய்வார்னு எனக்குத் தெரியாது. தரையில இருந்து எழும்புங்க, குளிரும்."

8

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் சாயங்காலம் ஐந்து, இங்கே பதினொன்றரை. இந்த முறை மூன்று தடவை சரிபார்த்தேன். அபிஷா போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, லைட்டுக்கு நேரா இருங்க. மூக்கு மட்டும்தான் தெரியுது."

"அதுதான் எனக்க நல்ல பாகம்."

திரையில் சபையின் சின்னக் கூடம். முப்பது பேர் இருக்கும். முன் வரிசையில் ராஜமணி சார் கைகட்டி உட்கார்ந்திருந்தார். லைலா தலையில் சேலையைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா போனை ஏதோ நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள், பாதித் திரை நாற்காலிக் கைதான்.

வழக்கம்போல ஒரு தமாஷோடு தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. சத்தம் போய்ச்சேர நேரமாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நேரமாகியும் சிரிக்கவில்லை. பிறகு சொன்னேன். சங்கிலி அறாமல் நின்றதாக எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள், அது அறுந்தது, அறுத்தவன் நான். நான் அப்போது தின்றுகொண்டிருந்தேன், கேட்டபோது பொய் சொன்னேன். மற்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ராஜமணி சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிழலைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமை என்று சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. சாட்சியை எப்படி முடிக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ஆயிரம் பேர் முடிக்கக் கேட்டிருக்கிறேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கும் பயம்.

அக்காவின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது.

"எலே, ஜெபத்துக்கு என்ன குறிப்பு வைக்க? பூரண சொகம் கிடைக்கணும்னு வைக்கட்டா? இல்ல, ரிசல்ட் நல்லா வரணும்னு வைக்கட்டா?"

"அதெல்லாம் அவருக்குத் தெரியும் அக்கா."

"பின்ன என்னதான் சொல்ல?"

"பயந்து கிடக்கேன்னு சொல்லு. ரெண்டு பேரும்."

அக்கா கூடத்துப் பக்கம் திரும்பினாள். நீட்டி முழக்கி அறிவிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அன்று அப்படிச் செய்யவில்லை.

"தம்பியும் ஸ்டெல்லாவும் பயந்து கிடக்காங்க" என்றாள்.

யாராவது குரலெடுத்துத் தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் தொடங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், "நாங்களும்தான் மக்கா" என்றாள். லைலா தலையைக் குனிந்தாள். ராஜமணி சார் கைகட்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நானும் மூடினேன். என்ன கேட்பது என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. வராததில் முதல்முறையாக எனக்கு அவசரம் இல்லை. ஊரின் மின்விசிறிச் சத்தமும் தூரத்தில் ஏதோ ஒரு பஸ்ஸின் ஹாரனும் கேட்டன. ஸ்டெல்லாவின் மூச்சு கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அபிஷாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நீட்டிப் பிடித்த போன் மேலும் கீழும் ஆடியது.

"கை நோவுதா மக்களே? போதும், கீழ வை" என்றேன் மெதுவாக.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மற்றக் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "அவங்க இன்னும் போகல்ல."